சிரிப்புக்குக் கோடு போட்ட ஆறு மாதம்

ஆறு மாதம் என்னுடைய வேலை, ஜேர்மன்காரர் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று குறித்து வைப்பது. சும்மா வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டு பென்சில் தீட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. போன மாதம், நான் வேலை செய்த மண்டபத்தில் இப்போது வேலை செய்கிற இரண்டு தமிழர்கள் எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார்கள். இப்போது வெளிநாட்டு எழுத்தாளர் வாசிக்கும்போது, மொழிபெயர்ப்பைச் சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்களாம். "முந்தி எப்பிடி அண்ணை நடந்தது?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சாந்தி, "இவர் முந்தி அங்க பொய் எழுதினவர்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்லும் விதத்தில் இந்தக் கதை ஊருக்குள் போவதைவிட, நான் எழுதிவிடுவது பாதுகாப்பு.

படிப்பு பத்தாம் வகுப்பு. பேர்லினுக்கு வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு அலுவலகங்களில் நிலம் துடைத்தேன். பிறகு பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில், எழுத்தாளர்கள் வந்து தங்கள் புத்தகங்களை வாசிக்கிற மண்டபம் ஒன்றைத் துடைத்தேன். ஒருநாள் அங்கே கதிரை அடுக்குகிறவர் வரவில்லை. நான் அடுக்கினேன். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அடுக்கினேன். என் தொழிற்பயிற்சி முழுவதும் இவ்வளவுதான். கடைசியில் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்ததால், ஐம்பத்தாறு வயதில் ஓய்வூதியம் தந்து அனுப்பினார்கள்.

மண்டபத்தின் பொறுப்பாளர் ஃபிராவ் ஹெல்விக். ஃபிராவ் என்றால் திருமதி. அவர் யாரையும் ஏசியதில்லை. நாங்கள் நேராக வைத்த கதிரையை ஒரு விரலால் தொட்டு, நகம் அளவு நகர்த்திவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த வரிசைக்குப் போவார். ஏச்சு வாங்கியிருந்தால் இரவு நித்திரை வந்திருக்கும்.

நூற்றிருபது கதிரை. ஒரு கதிரைக்கு நேர் பின்னால் இன்னொன்று வரக்கூடாது. முன்னால் இருக்கும் இரண்டு தலைகளுக்கு நடுவில் பின்னால் இருப்பவரின் முகம் வரவேண்டும். எழுத்தாளருக்கு வாயு இல்லாத தண்ணீர். முன்னொரு காலத்தில் வாயுத் தண்ணீர் குடித்த கவிஞர் ஒருவர், தன் காதல் கவிதையின் நடுவில் ஏப்பம் விட்டாராம். கவிதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வாசலில் ஒரு கிண்ணத்தில் இருமல் இனிப்பு வைப்போம், தாளை உரித்து வைப்போம். இருமலைப் பொறுக்கலாம், தாள் உரிக்கும் சத்தத்தைப் பொறுக்க ஏலாது என்பது ஃபிராவ் ஹெல்விக்கின் கொள்கை. ஒரு மாலைக்கு நாற்பது இனிப்பு, கையுறை போட்டு உரிப்பேன். பிந்தி வருகிறவர்கள் முதல் கைதட்டல் வரை வெளியே நிற்கவேண்டும். ஒருமுறை எழுத்தாளரே பிந்தி வந்தார். அவரையும் ஃபிராவ் ஹெல்விக் கைதட்டலுக்காக வெளியே நிறுத்திவைத்தார். அவர் இல்லாமல் கைதட்டல் வராது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இனி ரஸ்ஸல்.

ஈரோ வந்து இரண்டொரு வருடம் இருக்கும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவர், ஏதோ ஒரு உதவித்தொகையில் பேர்லினில் வந்து இருந்தார். தன் குடும்பத்தில் நடந்ததைச் சிரிக்கச் சிரிக்க எழுதுவது அவர் தொழில். அப்படியும் ஒரு தொழில் இருப்பது எனக்கு அதிசயம். எங்கள் ஆட்கள் குடும்பத்தில் நடந்ததை மறைப்பதற்கே முழுநேரமாக வேலை செய்கிறவர்கள். "ரஸ்ஸல் என்று கூப்பிடு" என்றார். நான் ஹெர் ரஸ்ஸல் என்று கூப்பிட்டேன். அது திருவாளர் ரஸ்ஸல் என்பது மாதிரி. முதற்பெயரோடு ஹெர் சேர்ப்பதைக் கேட்டு ஜேர்மன்காரர் நெளிவார்கள். குடும்பப் பெயரோடுதான் சேர்க்கவேண்டுமாம். எங்களுக்கு அது தகப்பன் பெயர், அதைச் சொல்லி ஒருவரைக் கூப்பிட எனக்கு வாய் வராது.

அவர் அப்போது புதுப் புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒரு மாலை எங்கள் மண்டபத்தில் வாசிப்பது, ஆறு மாதம், என்று ஒப்பந்தம். முறை இப்படி: முதலில் அவர் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் வாசிப்பார். அப்போது சபை சிரிக்கும். அது நகைச்சுவைக்கான சிரிப்பு அல்ல, தங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று பக்கத்துக் கதிரைக்குக் காட்டுகிற சிரிப்பு. பிறகு ஒரு நடிகர் மொழிபெயர்ப்பை ஜேர்மனில் முக்கால் மணி நேரம் வாசிப்பார். உண்மைச் சிரிப்பு அதில்தான் வரும். அந்த முக்கால் மணி நேரமும் ரஸ்ஸல் மேடையில், வேறு யாருடைய கல்யாணத்துக்கோ வந்தவர் மாதிரி இருப்பார். ஜேர்மன் அவருக்கு ஒரு சொல் தெரியாது. சபை சிரிக்கும், எந்த வரிக்கு என்று அவருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் அவர் வாசிக்கும்போதே தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வாராம். சிரித்த இடம் புத்தகத்துக்குப் போகும். சிரிக்காத இடம் குப்பைக்குப் போகும். இங்கே அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். ஃபிராவ் ஹெல்விக் என்னைக் காட்டினார். (ஃபிராவ் ஹெல்விக் என்னோடு பேசியது ஜேர்மன், ரஸ்ஸலோடு பேசியது ஆங்கிலம், ரஸ்ஸல் பேசியதும் அதுதான். தமிழில் எழுதும்போது அவர்கள் எங்கள் ஊர்க்காரர் மாதிரிக் கேட்டால், அது என் பிழை.)

"இவர் பின்கதவடியில நிக்கிறவர். இவருக்கு எல்லாம் கேக்கும். ஆனா கதைக்கமாட்டார்."

ரஸ்ஸல், ஆங்கிலமும் ஜேர்மனும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்த தாள்கட்டைத் தந்து விதிகளைச் சொன்னார். மூச்சு விடுகிற மாதிரிச் சிரித்தால் ஒரு கோடு. சத்தமாகச் சிரித்தால் இரண்டு. நடிகர் வாசிப்பை நிறுத்தவேண்டி வந்தால் மூன்று. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் பூச்சியம்.

"பூச்சியம்தான் முக்கியம்" என்றார். "கோடு எனக்குச் சந்தோசம். பூச்சியம் எனக்குச் சாப்பாடு."

நான் தலையாட்டினேன். எங்கள் தலையாட்டலுக்கு எத்தனை அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் மாலை இரண்டு கதை வாசிக்கப்பட்டது. ஒன்று அவருடைய அம்மாவைப் பற்றியது. மற்றது அவர் நாற்பது வயதில் கார் ஓட்டப் பழகியதைப் பற்றியது.

அந்த அம்மா ஒஹாயோவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். காலையில் பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்ப்பார். எந்தச் செத்தவீட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று குடும்பப் பெயரை வைத்துக் கணிப்பார். பிறகு கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, செத்தவரை முன்பின் தெரியாமல், அங்கே போவார். இதற்கென்று தனியாக ஒரு கைப்பை. உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும், பொரித்த கோழியின் எண்ணெய் ஊறாமல் இருக்க. ஒருமுறை அவரை உறவினர் என்று நினைத்து, செத்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லிவிட்டார்கள். அவர் எழுந்து, "இவர் மாதிரி நடனம் ஆடுகிறவரை நான் கண்டதில்லை" என்றார். விதவை சொன்னாள், "அவருக்கு இருபது வயதிலிருந்து ஒரு கால்தானே." அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதனால்தான் சொல்கிறேன்" என்றார்.

இந்த இடத்தில் நூற்றிருபது ஜேர்மன்காரரும் ஒன்றாக வெடித்தார்கள். நடிகர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். இரண்டாம் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப்படி மூன்று கோடு.

என் பென்சில் நின்றுவிட்டது. பெற்ற தாய், செத்தவீட்டுச் சோற்றுக்குப் போனவர் என்று சபை கூடிச் சிரிக்கிறது. மகனிடம் போய், "உங்களுடைய அம்மாவைப் பார்த்து எல்லோரும் வயிறு பிடித்துச் சிரித்தார்கள்" என்று தாளில் எழுதிக் கொடுப்பதா? ஒரு கோடு போட்டேன். மெல்லிதாக.

பிறகு கார்க் கதை. அதில் ரஸ்ஸல் கியர் மாற்றுவதும் வாழ்க்கையும் ஒன்று என்று விளக்கியிருந்தார். மண்டபம் மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி இருந்தது. முழுவதும் பூச்சியம். ஆனால் ஒருவர் சமைத்துப் போட்டுவிட்டு எப்படி என்று கேட்டால், உப்பில்லை என்று நாங்கள் சொல்வதில்லை. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுவோம். நான் ஓரத்தில் இரண்டு கோடு போட்டேன். பிறகு அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து இன்னும் இரண்டு.

ரஸ்ஸல் தாளைப் பார்த்து நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"அம்மாவுக்கு ஒரு கோடுதானா? ஒஹாயோவில கதிரையால விழுந்து சிரிப்பாங்கள்."

"இங்க கதிரை உறுதி" என்றேன்.

"கார் நல்லாப் போயிருக்கு!"

"ஓம்" என்றேன்.

அடுத்த மாதம் அம்மா பாதியாகக் குறைந்தார். கார் இரண்டு மடங்கானது. சபை இன்னும் அமைதியானது. அமைதியைப் பார்த்து எனக்கு அந்த மனிதரில் இரக்கம் கூடியது. இரக்கம் கூடக் கோடு கூடியது. மூன்றாம் மாதம் அவர் காரின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வதைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதியிருந்தார். நாற்பது இனிப்பும் முடிந்தது. சிரிக்க வழியில்லாத சனம் இருமியது. நான்காம் மாதம் அம்மா இல்லவே இல்லை. கார்க் கதை பதினெட்டுப் பக்கம், அதில் இன்னும் அவர் வாகனத் தரிப்பிடத்தை விட்டு வெளியே வரவில்லை.

அந்த மாலை முடிந்து நான் சமையலறையில் கண்ணாடிக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ரஸ்ஸல் வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அம்மா ஞாயிற்றுக்கிழமையில போன் எடுத்துக் கேப்பா, ஜேர்மன்காரர் என்னைப் பார்த்து எப்பிடிச் சிரிச்சவை எண்டு. அவவுக்கு எழுபத்தெட்டு வயசு. நான் எழுதத் தொடங்கினதில இருந்து எனக்காகவே செத்தவீடு செத்தவீடாத் திரிஞ்சு கதை கொண்டு வாறவ. நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். அவங்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கேல்லை அம்மா எண்டு."

"அவ என்ன சொன்னா?"

"அப்ப என்னை வெட்டு எண்டா. இப்ப எடுத்தா மழையைப் பற்றித்தான் கதைக்கிறா. போன கிழமை பக்கத்து ஊரில பெரிய செத்தவீடு, வான்கோழியும் இருந்ததாம். போகேல்லையாம்." அவர் தரையைப் பார்த்தார். "ஆறாவது மாலை முடிஞ்ச கையோட புத்தகம் நியூயோர்க்கில பதிப்பகத்துக்குப் போகவேணும். அவ இல்லாமல் போகுது."

நான் ஒரே குவளையை மூன்று தரம் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். அவள் சலவை நிலையத்தில் வேலை செய்து களைத்து வந்தவள், காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஒற்றைக்கால் நடனத்துக்கு அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு பகிடிக்கு ஒரு கோடோ போட்டனீங்கள்?"

"அந்த மனிசன்ட தாயெல்லோ."

"தாய்தான் சிரிக்க வைச்சவா. ஆரும் அவவைப் பார்த்துச் சிரிக்கேல்லை, அவ சிரிக்க வைச்சவா. விளங்குதோ? நான் கோயில் அன்னதானத்தில ஒரு பகிடி விட்டு நூறுபேர் சிரிச்சா, நீங்கள் வீட்டை வந்து ஒருத்தரும் சிரிக்கேல்லை சாந்தி எண்டு சொல்லுவியளோ?"

"நீ அன்னதானத்தில பகிடி விடுறனியோ?"

"நீங்கள் பின்கதவடியில நிண்டா எப்பிடிக் கேக்கும்? போய்ச் சொல்லுங்கோ அந்த மனிசனிட்டை. கிழவி சாப்பிடாமல் கிடக்குது."

காலையில் நான் முதலில் ஃபிராவ் ஹெல்விக்கிடம் போனேன். என்னை இந்தக் குறிக்கும் வேலையிலிருந்து விடுவிக்கும்படி கேட்கலாம், அப்படியே விசயம் ஆறிப்போகும் என்பது என் திட்டம். கோழைகளுக்கும் திட்டம் உண்டு. அவர் மேசை லாச்சியைத் திறந்து நாலு மாதத்துத் தாள்களின் பிரதிகளையும் எடுத்து மேசையில் ஒரே ஓரத்தில் வைத்தார். அவர் பிரதி எடுத்து வைக்காத தாள் அந்தக் கட்டடத்தில் கழிப்பறையில் மட்டும்தான் இருந்தது.

"மூண்டாம் மாதம் கண்ணாடிக் கதை. நீங்கள் பதினொரு கோடு போட்டிருக்கிறீங்கள். நானும் மண்டபத்தில இருந்தனான். ஒருக்காத்தான் சிரிச்சவை. அதுவும் ஆறாம் வரிசையில ஒருத்தற்றை குடை விழுந்ததுக்கு."

எனக்குக் காது சுட்டது.

"முதல் மாதம் ஒற்றைக்காலுக்கு ஒரு கோடு. நான் பதினேழு வருசமா இந்த மண்டபத்தில வேலை செய்யிறன். அண்டைக்குத்தான் நடிகர் நடுவில தண்ணி குடிச்சவர்."

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லேல்லை?"

"அது உங்கட வேலை, என்ரை வேலை இல்லை" என்றார். தாள்களைத் திரும்ப லாச்சியில் வைத்தார். நாட்காட்டியை இழுத்தார். "அவரிட்டைச் சொல்லுங்கோ. நாளைக்குப் பத்து மணி, இந்த அறையில. அரை மணித்தியாலம் காணும்தானே?"

எழுதினார். என் வாழ்க்கையில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் பல்வைத்தியருக்கும் டெர்மின் எடுத்திருக்கிறேன், அதாவது முன்கூட்டியே நேரம் குறித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்கு எடுத்தது அதுதான் முதல்தரம்.

பத்து மணிக்கு ரஸ்ஸல் வந்தார். என் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் சொன்னேன். அரை மணித்தியாலம் தேவைப்படவில்லை. நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச இருபத்தாறு நிமிடமும் அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில், "கார்?" என்றார்.

"பூச்சியம்."

"கண்ணாடி?"

"பூச்சியம். ஒரு குடை."

"நாலு மாதமா ஒரு மனுசன் மரியாதைக்காக என்ரை புத்தகத்தைக் கொலை செய்திருக்கிறான்" என்றார். அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். கதவைக்கூடச் சாத்தாமல் போனார். இரண்டு கிழமை பேசவில்லை. ஐந்தாம் மாலையை இரத்துச் செய்தார். ஃபிராவ் ஹெல்விக் அன்று வெறும் மண்டபத்துக்கு வந்து ஒரு கதிரையை ஒரு விரலால் நகர்த்திவிட்டுப் போனார். எனக்கு வேலை போய்விடும் என்று நான் நம்பினேன். சாந்தி நம்பவில்லை. "கதிரையை வேறை ஆர் அடுக்கிறது?" என்றாள்.

ஆறாம் மாலைக்கு நான் மண்டபத்தைத் திறந்தபோது பின்கதவடியில் வழக்கமான இடத்தில் புதிய தாள்கட்டு இருந்தது. மேலே ஒரு பென்சில். ரஸ்ஸல் மேடையிலிருந்து என்னைப் பார்த்து, கையால் வட்டம் ஒன்று காட்டினார். பூச்சியத்தைப் போடத் தயங்காதே என்று அர்த்தம். கார்க் கதையை முழுவதுமாக வெட்டியிருந்தார். முக்கால் மணி நேரமும் அம்மா.

நான் அன்று வஞ்சகமில்லாமல் குறித்தேன். வெள்ளித்தாள் கைப்பைக்கு இரண்டு. பாதிரியாரிடம், மிஞ்சிய உருளைக்கிழங்கு யாருக்கு என்று கேட்டதற்கு மூன்று. ஒற்றைக்கால் வந்தபோது நடிகர் குவளையை முன்கூட்டியே கையில் எடுத்துவிட்டார். ஒரேயொரு இடத்தில், கதையின் கடைசி வரியில், மண்டபம் அசையவில்லை. எல்லாம் முடிந்து அம்மா காருக்குள் தனியே ஏறி இருந்து, முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக அழுதார் என்பது அந்த வரி. பென்சில் கொஞ்சம் தயங்கியது. பிறகு பூச்சியம் போட்டேன்.

சனம் போனபிறகு ஃபிராவ் ஹெல்விக்கின் அறையில் ரஸ்ஸல் தாளைப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும், "இது சிரிக்கிற இடமில்லை. இது மனம் உருகின அமைதி" என்றார்.

"இருக்கலாம்" என்றேன். "எனக்கு அமைதிகளைப் பிரிக்கத் தெரியாது. பூச்சியத்துக்கு ஒரு குறிதான் தந்தனீங்கள்."

அவர் மேசையிலிருந்த தொலைபேசியை இழுத்து ஒஹாயோவுக்கு எடுத்தார். கொஞ்சம் பேசினார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. அவர் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நம்பமாட்டனாம். முந்திச் சிரிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு இப்ப ஆறுதலுக்குச் சொல்லுறனாம். எண்ணின மனுசனோடதான் கதைப்பாவாம்."

நான் முன்பின் தெரியாத பெண்களோடு தொலைபேசியில் பேசுகிற ஆள் இல்லை. தெரிந்தவர்களோடும் இல்லை. வாங்கினேன்.

"நீதான் கோடு போடுற ஆளோ?" சத்தமான குரல். "வாசி."

வாசித்தேன். கைப்பை, இரண்டு. உருளைக்கிழங்கு, மூன்று. ஒற்றைக்கால், மூன்று. "நடிகர் எத்தனை நேரம் நிறுத்தினவர்?" என்று கேட்டார். "ஒரு குவளை தண்ணி குடிச்சு முடிக்கிற நேரம்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு திருப்தியான மூச்சு கேட்டது.

"சரி. எங்கை சிரிக்கேல்லை?"

ரஸ்ஸல் எனக்கு முன்னால் நின்று தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். எழுபத்தெட்டு வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போதுதான் குரல் வந்திருக்கிறது. எனக்கு வாய்வரைக்கும் வந்தது, எல்லா இடத்திலும் சிரித்தார்கள் அம்மா என்று.

"கடைசி வரியில" என்றேன். "நீங்கள் காருக்குள்ள இருந்து அழுத இடத்தில. பூச்சியம்."

ரஸ்ஸல் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் எங்கை அழுதனான்?" என்றார். "அது அவன்ரை வேலை. நான் காருக்குள்ள இருந்து கோழிக்கால் சாப்பிட்டனான். அவனுக்குச் சொல்லு. ரெண்டு கால். ஒண்டு எண்டு எழுதினால் வழக்குப் போடுவன்."

"என்னவாம்?" என்று ரஸ்ஸல் கேட்டார். "என்ன சொல்லுறா?"

அழவில்லை, கோழிக்கால் சாப்பிட்டார், இரண்டு, ஒன்று என்று எழுதினால் வழக்கு. ஒன்றையும் குறைக்காமல், கூட்டாமல் சொன்னேன்.